பன்னிரண்டு சர்பத் வண்டிகள்

திருத்தணி மலையில் முந்நூற்று அறுபத்தைந்து படி ஏறி இறங்குகிறவனுக்குத் தாகம் எடுக்கும். காவடி தூக்கி ஏறியவனுக்குக் கேட்கவே வேண்டாம், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். சுகாதார அதிகாரி ஐயா, நீங்களும் இதை மறுக்கமாட்டீர்கள். எங்கள் ஊர் பிழைத்து வந்ததே அந்தத் தாகத்தை வைத்துத்தான்.

நான் இவ்வூர்க் கிராம முனிசீப் வேதாசலம். பிறப்பு, இறப்புப் பதிவேடு எழுதுவதும், ஊரில் காலரா கண்டால் அன்றைக்கே தாலுகா ஆபீசுக்கு ஆள் அனுப்புவதும் என் வேலை. சர்பத் வண்டிக்காரன் கோதண்டத்தைப் பிடித்து உட்கார வைத்திருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். பெண்டாட்டியின் நோயை மறைத்தது தான்தான் என்று அவன் உங்களிடம் சொன்னானாம். அவன் சொன்னது நிஜமல்ல. ஆகையால் நடந்ததை என் கைப்பட எழுதித் தருகிறேன்.

உலகச் சண்டை நடந்த வருஷங்களில் எங்கள் ஊர் கிடந்த கிடப்பை நீங்கள் பார்த்திருக்கமாட்டீர்கள். ஆடிக் கிருத்திகைக்குக் கடை போட்டு, அந்த மூன்று நாள் வியாபாரத்தில் பாதி வருஷம் அடுப்பெரிக்கிற ஜனங்கள் நாங்கள். ரயிலைக் குறைத்தார்கள், கூட்டம் நின்றது. தேங்காய்க் கடைக்காரன் அரக்கோணத்துக்கு மூட்டை தூக்கப் போனான். கெங்கம்மாள் பூக்கடையை மூடிவிட்டு வீடு வீடாக மாவு இடித்தாள். கொடுத்துப் பழகிய கை அது. வாங்க நீட்டியபோது பார்க்கச் சகிக்கவில்லை.

சண்டை முடிந்த மறுவருஷம், பட்டணத்துச் சர்பத் கம்பெனி ஒன்றிலிருந்து கஜபதி என்பவர் வந்தார். வெள்ளைச் சட்டையில் விழுந்திருந்த ரயில் கரியைத் தட்டிக்கொண்டே பேசினார்.

"சின்ன வியாபாரிங்க தலையெடுக்கணும்னு எங்க முதலாளிக்கு ஒரு எண்ணங்க. வண்டி, கிளாசு, நன்னாரிச் சாறு எல்லாம் நாங்க குடுக்கிறோம். சர்க்கரைக்கும் எங்களுக்குப் பர்மிட் இருக்குது. தண்ணி மட்டும் உங்க ஊருது."

திருநாள் வியாபாரம் சூடுபிடித்தால், மலையடிவாரத்திலேயே கொட்டகை போட்டுச் சர்பத் காய்ச்சி, நாற்பது பேருக்கு வேலை தருவோம் என்றார். பன்னிரண்டு பேரை நானே பொறுக்கினேன். சாமர்த்தியசாலிகளைத் தேடவில்லை, அடுப்பில் பூனை தூங்குகிற வீடாகப் பார்த்தேன். வண்டிப் பட்டறைக் கரீமுல்லா பாய் கூலி வாங்காமல் பன்னிரண்டு வண்டிக்கும் சக்கரம் மாட்டிக் கொடுத்தார். கோதண்டத்தின் பெண்டாட்டி மணியம்மை தங்கள் வண்டிக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, எனக்கும் ஒரு கும்பிடு போட்டாள். அந்தக் கும்பிடு எனக்குப் பிடித்திருந்தது என்பதை ஏன் மறைக்கவேண்டும்? எல்லா வண்டிக்கும் சத்திரத்துக் கிணற்றுத் தண்ணீர் என்று ஏற்பாடு.

திருநாளுக்கு மூன்று நாள் இருக்கும்போது மணியம்மைக்கு விடியற்காலையில் வாந்தி பேதி கண்டது. நான் போனபோது உச்சிப்பொழுது. கண் குழிந்து, விரல் நுனி ஊறிச் சுருங்கிப்போய், கஞ்சித் தண்ணீராகப் போய்க்கொண்டிருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கையிலேயே அடங்கிவிட்டாள். பதினைந்து வருஷத்துக்கு முன்னால் இதே ஊரில் இதே நோயை நான் பார்த்தவன். இன்ன நோய் என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

"காலரா தானே நைனா இது?" என்றான் கோதண்டம்.

"சுரம்னு சொல்லு."

"சத்திரத்துக் கெணத்துத் தண்ணியத்தான் குடிச்சிகினு இருந்தா. வண்டிங்களுக்கும் அதே தண்ணிதானே?"

"அந்தப் பேர் வெளியே போச்சுன்னா ரயில்காரன் திருத்தணிக்கு டிக்கெட்டு குடுக்கிறதையே நிறுத்திடுவான். திருநாளும் போச்சு, கொட்டாயும் போச்சு. ஊரு வயித்துல அடிக்காதே கோதண்டம்."

அவன் மணியம்மையின் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு, "ஆங், சரிங்க" என்றான். அவன் வேறு என்ன சொல்வான்? வண்டி கொடுத்தவன் நான்.

பதிவேட்டில் 'சுரம்' என்று எழுதினேன். செத்தவர்களில் பாதிப் பேரைச் சுரத்தில்தான் எழுதுகிறோம், யாரும் கேட்பதில்லை. தண்ணீரையாவது வேறு கிணற்றுக்கு மாற்றியிருக்கலாமே என்பீர்கள். மாற்றினால் ஏன் என்று பன்னிரண்டு பேரும் கேட்பார்கள். ஒருவன் வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?

கூட்டம் வந்தது. ஏழு வருஷமாகக் காணாத கூட்டம். ரயில் பெட்டியின் கூரைமேல்கூட ஆள். முதல் நாள் உச்சிக்குள்ளேயே கெங்கம்மாள் தன் வண்டியில் இரண்டு குடம் சர்பத் விற்று, "எங்கண்ணே பட்டுடப் போவுது, போங்க முனிசீப்பையா" என்று சிரித்தாள். மொட்டை போட்ட ஒரு தகப்பன், தோளில் இருந்த குழந்தைக்குக் கோதண்டத்தின் வண்டியில் ஒரு கிளாஸ் வாங்கிக் கொடுத்தான். குழந்தை முழுவதையும் குடித்துவிட்டு இன்னொன்று கேட்டது. கோதண்டம் என்னைப் பார்த்தான். நான் தலையசைத்தேன். அவன் ஊற்றினான். வெட்கத்தோடு எழுதுகிறேன், பன்னிரண்டு வண்டியைச் சுற்றியும் ஜனம் நெருக்கியதைப் பார்த்து எனக்கு அப்போது பெருமையாகத்தான் இருந்தது. குழந்தையின் வாயோரம் வழிந்த சர்பத்தை அந்தத் தகப்பன் துண்டால் துடைத்தது இப்போது கண்ணை விட்டுப் போக மறுக்கிறது.

அப்புறம் எங்கள் ஊரில் பதினோரு பேர் செத்தார்கள். கெங்கம்மாள் நாலாம் நாள் போனாள். அவர்களுக்கெல்லாம் 'காலரா' என்றே எழுதி, உடனே உங்களுக்கு ஆள் அனுப்பினேன். பதிவேட்டில் பாருங்கள். ரயிலேறிப் போனவர்கள் அவரவர் ஊரில் செத்தார்கள். இருநூற்றுச் சொச்சம் என்று உங்கள் ஆபீசில் கணக்கு. அவர்களை எழுதுகிற பொறுப்பு அந்தந்த ஊர் முனிசீப்புகளுடையது.

போன வாரம் கோதண்டம் என் வீட்டுக்கு வந்தான். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "என் கையால ஊத்திக் குடுத்தேன் நைனா. அவ எதால செத்தாளோ அதை எழுதிடுங்க. சொரம்னு இருக்கிறது பொய்யி" என்றான். பதிவேட்டில் அடித்தல் திருத்தல் கூடாது என்று சட்டம் பேசி அனுப்பிவிட்டேன். மறுநாள்தான் அவன் உங்களிடம் வந்து, என் பேரைச் சொல்லாமல், பழியை எல்லாம் தன் தலையில் போட்டுக்கொண்டிருக்கிறான்.

கம்பெனியார்மேல் தப்பில்லை, அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. கொட்டகைக்குக் கால் நட்டாகிவிட்டது. நாற்பது குடும்பம் சாப்பிடும். ஊர் நன்மைக்காகத் தெரிந்தும் தெரியாமலும் செய்துவிட்டேன் என்று இதை முடித்துவிடத்தான் உட்கார்ந்தேன். ஆனால் கோதண்டம் அங்கே இருக்கிறான், அப்படி முடிக்கக் கை வரவில்லை.

நேற்று உங்கள் ஆள் வந்து என் பீரோவைப் பார்த்தார். காலராக் கிருமி சாக, கிணற்றில் போடுவதற்காக உங்கள் ஆபீசில் கொடுத்த சிவப்பு மருந்து, இரண்டு பொட்டலத்தில் ஒன்றுதான் இருந்தது. மற்றது எங்கே என்றார். எலி இழுத்திருக்கும் என்றேன். சத்திரத்துக் கிணற்றில் போட்டிருந்தால் தண்ணீர் லேசாகச் சிவந்திருக்கும், அவ்வளவுதான். நன்னாரிச் சர்பத்தில் அது யார் கண்ணுக்கும் தெரிந்திருக்காது. அது அப்போதே எனக்குத் தெரியும். எலி ஒன்றும் இழுக்கவில்லை. மணியம்மையைத் தூக்கிக்கொண்டு போன அன்று சாயங்காலமே, அந்தப் பொட்டலத்தைப் பிரித்து என் வீட்டுக் கிணற்றில் கொட்டினேன்.