சித்திரை ஒன்பது

— பதினோரு புஸ்தகம் சார். நாலு தமிழ், ஏழு இங்கிலீஷ். பாஷைதான் மாறியிருக்கு, வரி மாறல.

— பொறு ஞானம், முதல்ல உக்காரு. அரியலூர்லேருந்து இந்த வெயில்ல கரி போட்டு ஓட்டற பஸ்ல வந்திருக்க. கமலவேணி, என்னைத் தேடிக் குரும்பலூர் வரைக்கும் ஒரு பழைய மாணவன் வந்திருக்கான். மோர் கொண்டா.

— மாணவனா? உங்ககிட்ட படிச்சவன்ல பாதிப் பேரு உங்களைக் கண்டா அடுத்த தெரு வழியால்ல போவான்.

— வரதராசன்பேட்டை பக்கம் நாம குடியிருந்தோமே, அங்க சவரியார் மவன். ஞானப்பிரகாசம். இப்ப சர்வகலாசாலையில ஆராய்ச்சி பண்றான்.

— சவரியார் மவனா? எலும்பும் தோலுமா இருந்த புள்ளை. என்ன ஆராய்ச்சி தம்பி?

— நம்ம பக்கத்து மானாவாரி உழவு பத்தி அம்மா. முத அத்தியாயத்துல, இதுக்கு முன்னாடி யார் யார் என்னென்ன எழுதினாங்கன்னு எல்லாத்தையும் தேடிப் படிச்சுத் தொகுக்கணும். மெட்ராஸ், திருச்சி, கும்பகோணம்னு புஸ்தகசாலை புஸ்தகசாலையா ஏறி இறங்கினேன். ரெண்டு வருஷம் அதுக்கே போச்சு.

— படிச்சதுக்கு எதுக்கு இம்புட்டுக் கோவம்? முகம் மொளகாப் பழமாட்டம் இருக்கு.

— இந்தச் சீட்டைப் படிக்கிறேன், கேளுங்க. ‘உடையார்பாளையம் தாலுகாக் கிறிஸ்தவக் குடியானவர் சித்திரை ஒன்பதாம் நாள் அன்றி ஏர் பூட்டார். முன்னதாக மழை பெய்தாலும் பூட்டார்.’ இது முத புஸ்தகம், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்திரெண்டாம் வருஷம். ரெண்டாவது புஸ்தகம் இதே வரியை எடுத்து ‘மூடப் பழக்கம்’னு வால் ஒட்டுச்சு. நாலாவது ‘சோம்பல்’னு சேத்துக்கிச்சு. எட்டாவது எழுதின மகானுபாவர், ‘இவர்தம் பஞ்சத்துக்கு இவரே காரணம்’னு தீர்ப்பே சொல்லிட்டார். ஒருத்தராவது எங்க ஊர் மண்ணை மிதிச்சாரா?

— எழுதினா எழுதிட்டுப் போறான் தம்பி. நம்ம சனம் புஸ்தகத்தைப் பாத்தா ஏர் பூட்டுது?

— ஆபீசுல உக்காந்திருக்கறவன் புஸ்தகத்தைத்தான் பாக்கறான் அம்மா. எங்க ஏரி மதகு இடிஞ்சு ஆறு வருஷம் ஆச்சு. பேஞ்ச தண்ணி அத்தனையும் ஓடையில போகுது. மூணு மனு போட்டோம். மூணாவதுக்குத்தான் பதில் வந்துச்சு. ‘மழை பெய்தும் உழாத ஊருக்கு மதகு எதற்கு?’ அதுக்குக் கீழ புஸ்தகத்தோட பேரும் பக்கமும். பங்குச் சாமியார் ஊர்க் கூட்டத்துல படிச்சுக் காட்டினார். எங்க மாமன் மிக்கேலு எழுந்து, ‘நாப்பது வருஷமா உழுது காச்சுப்போன கை சாமி இது’ன்னு ரெண்டு கையையும் விரிச்சுக் காட்டினார். யாருகிட்ட காட்டறது?

— அட நாசமத்துப் போறவனுங்களா.

— உங்க புரொபசர் என்ன சொல்றார் ஞானம்?

— ஆறாவது புஸ்தகமே அவர் எழுதினதுதான் சார். ‘பதினோரு பேர் சொன்னதை நீ ஒருத்தன் மறுக்கறதா? அந்த வரியை அப்படியே போடு. இல்லன்னா கையெழுத்துப் போட மாட்டேன்’னுட்டார். நான் ஒவ்வொரு புஸ்தகத்தோட அடிக்குறிப்பையும் புடிச்சுப் பின்னாலயே போனேன். பதினொண்ணு ஒன்பதைக் காட்டுது, ஒன்பது ஆறைக் காட்டுது, ஆறு ரெண்டைக் காட்டுது, ரெண்டு ஒண்ணைக் காட்டுது. சொன்னது பதினோரு பேர் இல்ல சார், ஒருத்தர். மிச்சம் பத்தும் காப்பி. பரீட்சையில பக்கத்துப் பையனைப் பாத்து எழுதினா நீங்க பிரம்பால வெளுப்பீங்க. இவங்களுக்கு மாலை மரியாதை.

— சரி, பொறு. அதாகப்பட்டது, அந்த ஒருத்தர் சொன்னது தப்புன்னு எப்படி நிரூபிப்ப? நீ அந்த ஊர்க்காரன். சொந்த ஊருக்குப் பரிஞ்சு பேசறான்னு தள்ளிடுவாங்க.

— தேதியே காட்டிக் குடுக்குது சார். பாஸ்கா திருநாள், அதான் ஏசு உயிர்த்த ஞாயித்துக்கிழமை, அதுக்கு மறுநாள் திங்கக்கிழமை எங்க ஊர்ல நல்லேர் கட்டுவோம். சாமியார் கலப்பைக்குத் தீர்த்தம் தெளிப்பார், ஆளுக்கு ஒரு சால் ஓட்டுவோம். அது சடங்கு. கோடை உழவு வேற. அது மழை விழுந்த மறுநாள், பஞ்சாங்கமும் இல்ல, காலண்டரும் இல்ல. அதையும் இதையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பிட்டாங்க. அதுலயும் பாஸ்கா வருஷத்துக்கு வருஷம் மாறும். இந்த வருஷம் பங்குனி பாதியிலயே வந்துட்டுது. கோயில்ல பழைய காலண்டரையெல்லாம் வாங்கிப் பாத்தேன். முத புஸ்தகம் வர்றதுக்கு முன்னாடி அஞ்சாறு வருஷத்துல, அந்தத் திங்கக்கிழமை சித்திரை ஒன்பதுல வந்தது ஒரே ஒரு தடவை. முப்பதாம் வருஷம்.

— கெட்டிக்காரன்டா நீ. ஆக, முப்பதாம் வருஷத்தை மட்டும் பாத்த எவனோ சொல்லியிருக்கான்.

— எவனோன்னு விட்டுடலாம்னா முடியல சார். முத புஸ்தகத்துல பொடி எழுத்துல ஒரு குறிப்பு இருக்கு. ‘உள்ளூர்ப் பள்ளி ஆசிரியர் அனுப்பிய தகவல்.’

— முப்பதுல அங்க இவருதானே தம்பி வாத்தியார்?

— அதான் அம்மா வந்தேன். சார், எனக்கு எழுத்தறிவிச்சவர் நீங்க. இருந்தாலும் கேக்காம இருக்க முடியல. எங்க ஊர்ச் சோத்தைத் தின்னுட்டு, எங்க ஊரையே மூடர்னு எழுத வெச்ச அந்த வரியை நீங்களா எழுதிக் குடுத்தீங்க?

— நான் எழுதல ஞானம். அனுப்பினது நான்.

— ரெண்டுக்கும் என்ன வித்தியாசம் சார்?

— பொறு, சொல்றேன். அந்தப் புஸ்தகம் எழுதினவர் எல்லாப் பள்ளிக்கூடத்துக்கும் கடுதாசி போட்டார். உங்க ஊர் உழவு வழக்கத்தை எழுதி அனுப்புங்கன்னு. எனக்கு உழவு பத்தி என்ன தெரியும்? நாலாம் கிளாஸுக்கு ‘எங்கள் ஊர் உழவு’ன்னு வியாசம் குடுத்தேன். இருக்கறதுல தமிழ் நல்லா இருந்த ஒண்ணைப் படி எடுத்து அனுப்பி வெச்சேன்.

— நாலாம் கிளாஸ் பையன் வியாசமா? அதை வெச்சா சார் பதினோரு பெரிய மனுசங்க புஸ்தகம் போட்டாங்க? அதைக் காட்டியா எங்க மதகு மனுவைத் தூக்கிக் கடாசினாங்க? யார் சார் அவன்? பேரைச் சொல்லுங்க, அத்தியாயத்துல அச்சேத்தறேன்.

— சின்னப் புள்ளை எழுதினது. விட்டுடு.

— விட மாட்டேன் சார். அந்தப் பய இப்ப வளந்து ஆளாகி எங்கயோ நிம்மதியா உக்காந்திருப்பான். அவன் வந்து எங்க மாமன் கையைப் பாத்துப் பதில் சொல்லட்டும்.

— தம்பி கேக்கறது நியாயந்தானே. அந்த நோட்டெல்லாம் மச்சுலதான கிடக்கு? முத மார்க் வாங்கின நோட்டுல ஒண்ணைத் தூக்கிப் போட விட்டிருக்காரா இந்த மனுசர்? இருங்க, எடுத்தாரேன்.

— கமலவேணி, வேண்டாம். சொன்னாக் கேளு.

— ஆமா போங்க. இதோ, எடுத்தாந்துட்டேன். கரையான் தின்னது போக மிச்சம் இருக்கறது இந்தத் தம்பிக்காவது உதவட்டும். முப்பதுன்னு போட்டிருக்கற கட்டுல இது ஒண்ணுதான் இருக்கு. இந்தா தம்பி, பாரு.

— ‘எங்கள் ஊர் உழவு. எங்கள் ஊரில் சித்திரை ஒன்பதாம் நாள் அன்றி எவரும் ஏர் பூட்டார். முன்னதாக மழை பெய்தாலும் பூட்டார்.’ இதேதான் சார். ஊரைத் தாலுகா ஆக்கினது போக, இதே வரி. கையெழுத்தைப் பாருங்க, கோழி கிண்டின மாதிரி. அட்டையில பேரு...

— என்ன தம்பி, பேரைப் படிக்காம நிறுத்திட்ட?

— அட்டையில இருக்கறது இவன் பேருதான், கமலவேணி. இவன் எழுதின வியாசம் அது.

— இவனா?

— எனக்கு நெனப்பே இல்ல சார். சத்தியமா நெனப்பே இல்ல.

— ஒம்பது வயசுடா உனக்கு.

— அறியாப் புள்ளை சார். பாஸ்கா மாறும்னு தெரியாம, அந்த வருஷத் தேதியை எல்லா வருஷத்துக்கும்னு எழுதிட்டேன். தப்புதான். தெரியாமப் பண்ணின தப்பு.

— தேதி தப்பு, சரி. ‘மழை பெய்தாலும் பூட்டார்’னு எதுக்குத் தம்பி எழுதின? அந்த வருஷம் பங்குனியில பேய் மழை பேஞ்சுச்சே. விடியறதுக்குள்ள ஊர்ல ஒரு மாடு கட்டுத்தறியில இல்ல. அப்பன் ஆத்தா பின்னால புள்ளைங்க எல்லாம் காட்டுக்குப் போயிட்டுதுங்க. ரெண்டு நாள் இவரு பள்ளிக்கூடத்துல ஈ ஓட்டினாரு. நீ ஒருத்தன்தான் வந்து உக்காந்திருந்த.

— கமலவேணி, போதும்.

— என்ன போதும்? ஊர் பேரைக் கெடுத்தது யாருன்னு கேட்டுத்தானே வந்துச்சு.

— சார், உங்களுக்கு அப்பவே தெரியுமா?

— தெரியும். திருத்தறதுக்குச் சிவப்பு மசியைத் தொட்டுட்டேன். திருத்தினா, ஏன்டா இப்படி எழுதினன்னு உன்னை நிக்க வெச்சுக் கேக்கணும். ஊரே காட்டுக்குப் போனப்ப நீ மட்டும் ஏன் பள்ளிக்கூடத்துல இருந்தன்னு எனக்குத் தெரியும், கேக்க மனசு வரல. கிளாஸ்ல படிக்க விடாம எடுத்து வெச்சுட்டேன். படி எடுக்கும்போதாவது அந்த வரியை விட்டிருக்கணும். தமிழ் நல்லா இருக்கேன்னு விட்டுத் தொலையாம எழுதினேன். பத்துப் பேரைக் காப்பின்னு திட்டின பாரு, முதல்ல காப்பியடிச்சது நான். இப்ப என்ன பண்ணப் போற? புரொபசர் சொன்ன மாதிரி வரியைப் போட்டுட்டா கையெழுத்து வந்துடும். நெசத்தை எழுதினா, பொய்யனே நீதான்னு சிரிப்பாங்க.

— எழுதறேன் சார். என் பேரைப் போட்டே எழுதறேன்.

— என்னன்னு எழுதுவ தம்பி?

— முப்பதாம் வருஷம் பங்குனி மழைக்கு ஊரே ஏர் பூட்டுச்சுன்னு எழுதுவேன் அம்மா. எங்க வூட்ல மட்டும் மாடு இல்லன்னு எழுதுவேன்.