ரோஷன் என்ற பெயரின் உபயோகம்

உங்கள் பட்டறையில் நான் டீ குடிப்பதை வீட்டில் சொன்னதில்லை, ரோஷன். அரை டம்ளர் டீதான். உன் வாப்பா ஷாகுல் ஹமீது எனக்கென்று ஒரு கண்ணாடி டம்ளரைத் தனியே கழுவி வைத்திருப்பார். தாராவியிலிருந்து லேபர் கேம்ப் வழியாக நடந்து மாட்டுங்காவில் வீடு வந்து சேர்வதற்குள் வெற்றிலை போட்டுக்கொள்வேன். என் மனைவி நாகலக்ஷ்மி எதுவும் கேட்டதில்லை. கேட்காததைச் சொல்லாமலிருப்பது பொய்யாகாது என்று நினைத்திருந்தேன்.

கம்பெனிகளின் வர்த்தகப் பெயர்களைப் பதிவு செய்துகொடுக்கும் வக்கீல் ஆபீசில் நான் இருபத்திரண்டு வருஷமாகக் குமாஸ்தா. எங்கள் டைப்ரைட்டர்களுக்கு ரெக்ஸின் உறை தைத்துத் தந்தவர் உன் வாப்பா. பழக்கம் அப்படி வந்தது. ஒவ்வோர் உறையின் மூலையிலும் ரோஷன் என்று இங்கிலீஷில் முத்திரை இருக்கும். நீ ஏழு வயதில் டைபாய்டிலிருந்து பிழைத்து எழுந்தபோது செய்வித்த பித்தளை அச்சு அது என்று சொல்லியிருக்கிறார்.

எண்பத்தேழில் எங்களிடம் ஒரு கேஸ் வந்தது. ஓர் ஆராய்ச்சி நிலையம் ஏழு ஊர்களின் கம்ப்யூட்டர்களை டெலிபோன் லைன் வழியாக இணைத்து, அந்த வலைக்கு ரோஷன் என்று பெயரிட்டிருந்தது. மூன்று வருஷத்துப் பெயர். இரண்டு வெளிநாட்டுக் கம்பெனிகள் அதே பெயரைத் தங்கள் கம்ப்யூட்டர் சாமான்களில் போட்டு இங்கே விற்க ஆரம்பித்தன. அதைத் தடுக்கத்தான் நிலையம் எங்களிடம் வந்தது. நம் பிள்ளைகள் கட்டிய வலை. அதன் பெயரை வெளியிலிருந்து வந்தவன் ஒட்டிக்கொள்வதா என்று எனக்குக் கோபம் இருந்தது. அந்தக் கோபத்தில் தப்பிருப்பதாக இன்றும் தோன்றவில்லை.

கம்பெனிகள் பதில் போட்டன. பெயர் நிலையத்துக்குச் சொந்தமில்லை. தாராவியில் ஒருவர் பதின்மூன்று வருஷமாக உறைகளில் அதைப் போட்டு விற்கிறார், இப்போது கம்ப்யூட்டர் உறைகளிலும். முந்தியவர் அவர் என்னும்போது எங்களைத் தடுக்க நிலையம் யார் என்றன. வக்கீல் என்னைக் கூப்பிட்டு, அந்த ஆள் சொல்வதை எழுதி வாங்கிவரச் சொன்னார். இன்னதுதான் வேண்டுமென்று அவர் சொல்லவில்லை. அதையும் எழுதிவிட வேண்டும்.

போனேன். டீ வந்தது. நான் கேட்ட கேள்வி இது:

“அந்தப் பேராலே உங்களுக்கு உபயோகம் உண்டோ, பாய்?”

உன் வாப்பா கத்தரிக்கோலைக் கீழே வைக்காமலே சிரித்தார். “அதுல என்ன உபயோகம் அய்யரே. கம்பெனிக்காரன் பேரு பாத்தா வாங்குதான்? சைஸ் பாத்துல்லா வாங்குதான். எம் மவ பேரு, அது பாட்டுக்குக் கெடக்கு.”

அவர் சொன்ன உபயோகம் ஆதாயம். சட்டத்தில் உபயோகம் என்றால் சரக்கின் மேல் பெயரைப் போட்டு விற்பது. ‘இந்தப் பெயர் என் உபயோகத்தில் இல்லை’ என்று இங்கிலீஷில் எழுதினேன். வாசித்துக் காட்டும்போது தமிழில், “பேராலே உபயோகம் இல்லேன்னு எழுதியிருக்கேன் பாய்” என்றேன். சரி என்று தலையாட்டிக் கையெழுத்துப் போட்டார். கீழே வழக்கமான வரியை நான் எழுதினேன்: இதிலுள்ளதைத் தமிழில் வாசித்துக் காட்டினேன், விளங்கிக்கொண்டார்.

ஒரு சொல்லால் வந்த பிசகு என்றுதான் பல மாதம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். பிசகு இல்லை. நான் எழுதிக்கொண்டிருந்தபோது என் முழங்கைக்குப் பக்கத்திலேயே முப்பது நாற்பது உறைகள் அடுக்கியிருந்தன, ஒவ்வொன்றிலும் உன் பெயரோடு. மேலும், நான் போனது வியாழக்கிழமை மத்தியானம். வியாழக்கிழமைகளில் உனக்கு காலேஜ் நாலு மணி வரை என்று முந்தின வாரமே உன் உம்மாவிடம் பேச்சுவாக்கில் கேட்டு வைத்திருந்தேன். உன் வாப்பாவுக்குத் தமிழ் மட்டும்தான் வாசிக்க வரும். உனக்கு இங்கிலீஷ் வரும்.

அச்சுக்கு ஒன்றும் ஆகாது என்று நினைத்தேன். உறை விற்கப் பெயர் எதற்கு, அவரே சொன்னாரே என்றும் நினைத்தேன்.

கம்பெனிகளின் தரப்பில் அவரைச் சாட்சிக்கு அழைத்தார்கள். அச்சைக் கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். பதின்மூன்று வருஷமாகப் போடுகிறேன், இன்றைக்கும் போடுகிறேன் என்றார். எங்கள் வக்கீல் அந்தக் காகிதத்தை நீட்டினார். நான் இப்படிச் சொல்லவில்லை என்றார் உன் வாப்பா. அப்படியானால் இந்தக் கையெழுத்து யாருடையது என்று கேட்டார்கள். அவர் சுற்றிப் பார்த்தார். பின் வரிசையில் என்னைக் கண்டதும் முகம் தெளிந்தது.

“அய்யர்கோ பூச்சோ சாப்,” என்றார், அய்யரைக் கேளுங்கள் என்று. என்னைப் பார்த்து, “நீங்க சொல்லுங்க அய்யரே” என்றார்.

கூண்டில் ஏறினேன். வாசித்துக் காட்டினாயா என்றார்கள். காட்டினேன். உபயோகம் இல்லை என்றாரா என்றார்கள். என்றார். இரண்டும் உண்மை. அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை.

வெளிநாட்டானுக்காக மாற்றிச் சொன்ன ஆள் என்று ஆனார். பொய்ச் சாட்சியத்துக்கு ஒரு மாதம் ஜெயில். அச்சைக் கோர்ட்டில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். பத்தொன்பதாம் நாள் நெஞ்சுவலி, ஜெயிலிலேயே போய்விட்டார். அது உனக்குத் தெரியும். நிலையத்தின் பெயர் நிலைத்தது. ஆபீசில் பேடா கொடுத்தார்கள். நானும் ஒன்று எடுத்துக்கொண்டேன்.

இப்போது லேபர் கேம்ப் பக்கம் நான் நடப்பதில்லை. போன மாதம் நாகலக்ஷ்மி ஓர் ஓட்டைப் பாத்திரத்தைக் காட்டி, “இது உபயோகமில்லேன்னா, போட்டுடட்டுமா?” என்றாள். செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டேன். திரும்பி வந்தபோது பாத்திரத்தை உள்ளேயே வைத்திருந்தாள்.

அதற்கப்புறம்தான் நீ வந்தாய். வாப்பா பொய்யரில்லை என்று கோர்ட்டுக்கு மனு எழுதித் தர வேண்டும், கையெழுத்துப் போட்டபோது அங்கே இருந்தவர் நீங்கள் ஒருவர்தானே மாமா என்றாய். ஞாயிற்றுக்கிழமை வா, எழுதி வைக்கிறேன் என்றேன். மூன்று நாளாக எழுதினேன். எதையும் மறைக்கவில்லை. இங்கிலீஷில் எழுதியிருக்கலாம், இருபத்திரண்டு வருஷம் எழுதிய பாஷை. ஆனால் மனசு திறந்து பேசத் தாய்மொழிதான் சரி என்று பட்டது. உனக்குத் தமிழ் பேச வரும், ஓர் எழுத்துகூட வாசிக்க வராது. உன் உம்மாவுக்கும் வராது. அதனால் ஒன்றும் குறையில்லை, நான் வாசித்துக் காட்டுவேன். மனு என்றால் என்னென்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும்; இந்தக் காகிதத்தைப் பார்த்தபடியே அதைச் சொல்லிக்கொண்டு போவேன்.

இன்று வெள்ளிக்கிழமை. ஞாயிறன்று அவசரமாகிவிடக் கூடாதென்று கடைசி வரியை இப்போதே எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டேன்.

இதிலுள்ளதை ரோஷனுக்குத் தமிழில் வாசித்துக் காட்டினேன். விளங்கிக்கொண்டாள்.
— பஞ்சாபகேசன்