மலைக்குள் ஏழு நிமிஷம்

— அப்புறம்?

— அப்புறம் என்ன மச்சான். ஆறு மணிக்கு எழுந்துக்கிறேன். பல் விளக்குறேன். டீ போடுறேன். குப்பையை வெளிய வைக்கிறேன். இந்த ரூமுக்கு வந்து தண்டவாளத்தைத் துணியால துடைக்கிறேன். குளிக்கிறேன். எட்டு நாப்பது பஸ்.

— பொம்மை ரயில் விடுறதில்லையா?

— இல்ல.

— ஓடாத ரயிலுக்குத் தினமும் துடைப்பா?

— தூசு படியுதே.

— சரி விடு. இன்னையோட அந்த வேலையும் உனக்கு இல்ல. ரம்பம் கொண்டு வந்திருக்கேன். நான் அடிச்ச மேஜை, நானே அறுத்து எடுத்துட்டுப் போறேன்.

— தண்டவாளத்தை எடுத்துக்கோங்க. ஸ்டேஷன், சிக்னல், எல்லாத்தையும் எடுத்துக்கோங்க. மலையை மட்டும் விட்டுடுங்க.

— மலைதானய்யா பாதி மேஜை! சுவரோட சேத்து ஒட்டி வச்சிருக்கீங்க. அதை வெட்டாம மேஜை எப்படி வாசல் தாண்டும்? நீதானே போன்ல சொன்னே, 'எல்லாத்தையும் எடுத்துட்டுப் போயிடுங்க மச்சான், பாக்க முடியல'ன்னு?

— சொன்னேன்.

— நல்லா சொன்னே போ. இது என்ன, மலை மேல நிக்குற ஆடு ரயிலை விடப் பெருசா இருக்கு?

— உங்க தங்கச்சி வச்சது. அளவு தப்புன்னேன். 'அது ஆட்டுக்குத் தெரியாது, விடுங்க'ன்னா.

— அவதான் அப்படிச் சொல்லுவா. மலையே அவ பண்ணதுதானே?

— கோழி வலை, பழைய பேப்பர், மைதா பசை. ரெண்டு மாசம். கதவுக் கைப்பிடியில கூடப் பசை.

— அம்மா சிரிப்பாங்க, 'கட்டிக் குடுத்தா குடும்பம் நடத்துவான்னு பாத்தா, ரெண்டும் சேந்து பொம்மை விளையாடுதுங்க'ன்னு. சரி விடு, முதல்ல வண்டிங்களைப் பெட்டியில அடுக்குவோம். ஒண்ணு, ரெண்டு... இன்ஜின் நாலுதான் இருக்கு. அந்தப் பச்சை எங்க?

— உள்ள இருக்கு.

— எதுக்குள்ள?

— குகைக்குள்ள.

— அவ போனதுலேர்ந்து மூணு வாரமாவா? கை விட்டு எடுக்கறதுக்குன்னுதானே பலகைக்கு அடியில ஓட்டை போட்டுக் குடுத்தேன்?

— எடுக்கல.

— தள்ளு, நான் எடுக்கிறேன்.

— வேண்டாம் மச்சான்.

— அட, தள்ளுய்யா. உன் கைக்கு அளவெடுத்துப் போட்ட ஓட்டை, என் தடிக் கை போக மாட்டேங்குது. ம்... வந்துடுச்சு. இந்தா, கவுந்து கிடக்கு உன் பச்சை. பின்னால பெட்டியும் சாஞ்சிருக்கு. இரு, இன்னொண்ணு தட்டுப்படுது. வளையம் மாதிரி.

— அதை எடுக்காதீங்க.

— மாப்ள.

— ம்.

— இது உன் கல்யாண மோதிரம்.

— ஆமா.

— அன்னைக்கு உன் வெறும் விரலைப் பாத்துட்டு அம்மா ரெண்டு நாள் சாப்பிடலய்யா. 'அவ உடம்பு வீட்ல இருக்கும்போதே கழட்டிட்டாரே'ன்னு ஒரே அழுகை. நான்தான், விரல் வீங்கியிருக்கும்னு ஏதோ சமாதானம் சொல்லி வச்சேன்.

— தெரியும்.

— இது எப்ப இதுக்குள்ள விழுந்துச்சு?

— அன்னைக்குக் காலையில.

— அன்னைக்குக் காலையில நீ குளிச்சிட்டிருந்தே. தண்ணிச் சத்தத்துல ஒண்ணும் கேக்கலன்னு டாக்டர்கிட்ட சொன்னே. எங்கிட்ட சொன்னே. எங்க அம்மா கையைப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னே.

— குளிக்கல.

— என்னது?

— இங்கதான் இருந்தேன். வண்டி உள்ள கவுந்துடுச்சு. மேஜைக்கு அடியில படுத்து, தோள் வரைக்கும் கையை விட்டுத் தேடிட்டிருந்தேன். சமையல்கட்டுல தட்டு விழுந்துச்சு. அப்புறம் பெருசா ஒரு சத்தம். கையை வெடுக்குன்னு இழுத்தேன். வலைக் கம்பியில மோதிரம் மாட்டி உள்ளேயே கழண்டுடுச்சு.

— சரி. சத்தம் கேட்டுச்சு, ஓடினே. இதுல மறைக்க என்னய்யா இருக்கு? எதுக்கு அந்தக் குளியல் கதை?

— விழறதுக்கு முன்னால கூப்பிட்டா.

— கூப்பிட்டாளா?

— 'இங்க கொஞ்சம் வாங்களேன், தலை ஒரு மாதிரி இருக்கு'ன்னா.

— ஐயோ. நீ?

— 'வண்டி கவுந்துடுச்சு, எடுத்துட்டு வர்றேன்'னேன்.

— எவ்வளவு நேரம்?

— ஏழு நிமிஷம். பஸ்ஸுக்கு நேரம் இருக்கான்னு நடுவுல நடுவுல கடிகாரத்தைப் பாத்துட்டிருந்தேன்.

— ஏழு நிமிஷம். என் தங்கச்சி அங்க தலையைப் பிடிச்சிட்டு நிக்கிறா, நீ இங்க பொம்மை ரயிலை நிமித்திட்டிருந்தே. பத்தடி இருக்குமாய்யா? பத்தடி!

— ஒம்பது. அளந்தேன்.

— அளந்தானாம்! இந்தா, இந்த ரம்பத்தை வாங்கி அந்தப் பக்கம் வை. என் கையில இருக்க வேண்டாம்.

— வச்சுட்டேன்.

— 'முன்னாடியே ஏதாவது சொன்னாங்களா'ன்னு டாக்டர் கேட்டாரே. நான் பக்கத்துல நின்னேனே. 'இல்ல'ன்னு தலையை ஆட்டினே.

— ஆமா.

— இதை நான் அம்மாகிட்ட எந்த வாயால சொல்லுவேன்?

— சொல்லிடுங்க.

— மறுபடி கூப்பிட்டாளா? மறைக்காம சொல்லு. எத்தனை தடவை கூப்பிட்டா? கத்தினாளா?

— கத்தல. மறுபடி கூப்பிடவும் இல்ல.

— அப்ப கடைசியா அவ வாயில வந்தது அந்த 'வாங்களேன்'தானா? அதுக்கும் நீ போகல.

— அது கடைசி இல்ல. நான் 'எடுத்துட்டு வர்றேன்'னதுக்கு அவ பதில் சொன்னா.

— என்ன சொன்னா?

— 'அவசரமில்ல. பாத்து எடுங்க, மலை பிஞ்சிடப் போகுது'ன்னா.