கைப்பிடிக்கு லைசென்ஸ் இல்லை

"துப்பாக்கிக்கு லைசென்ஸ் இருக்கு ஆசாரி. நீ போட்ட கைப்பிடிக்குத்தான் இல்ல."

மறையூரிலிருந்து மூணாறு போகும் பஸ்ஸில், எனக்கு முன் இருக்கைக்காரர் பக்கத்திலிருந்த ஆசாரியிடம் சொன்னார். எஸ்டேட் துரை வீட்டு பட்லர் என்று பேச்சிலேயே தெரிந்தது. மடியில் ஒரு துணிப்பையை இறுக்கிப் பிடித்திருந்தார்.

"குறி சுடுற போட்டியில துரைக்குக் கை வேர்த்து வழுக்குதுன்னு நீங்கதான சொன்னீக. அதான் அவரு உள்ளங்கை அச்சுக்கே செதுக்கினேன். சந்தனம்னா கை குளிர்ச்சியா இருக்கும் அண்ணாச்சி."

"தேக்குலதானய்யா போடச் சொன்னேன். இது சர்க்கார் மரம்லா. செக்போஸ்ட்ல பிடிச்சா ரெண்டு பேரையும் உள்ள வச்சிருவான்."

"கறுப்பு பூட் பாலிஷ் பூசியிருக்கேன். பாத்தா தெரியாது."

"கண்ணுக்குத் தெரியாது. மூக்குக்கு?"

செக்போஸ்ட்டில் பஸ் நின்றது. வனக்காவலர் ஏறி வந்து பட்லரின் பையைச் சுட்டிக்காட்டினார்.

"இதுல எந்தா?"

"எங்க துரையோட துப்பாக்கிங்க. இந்தாங்க லைசென்ஸ்."

காவலர் காகிதத்தைப் படித்தார். துப்பாக்கியை வாங்கி, சன்னல் வழியே ஒரு மரத்தைக் குறி பார்த்தார். தலையசைத்துத் திருப்பிக் கொடுத்தார். பட்லர் மூச்சு விட்டார்.

படியில் இறங்கும்போது காவலர் தன் உள்ளங்கையில் ஒட்டியிருந்த கறுப்பைப் பார்த்தார். பிறகு கையை மெதுவாக மூக்கருகே கொண்டுபோனார்.