வாலுக்குள் ஏரி

— திறக்காதே சுனிதா. விமானம் வாங்க வந்த கெஸ்ட் எல்லாம் ஹேங்கருக்குள்ளயே உக்காந்து காபி குடிச்சிண்டிருக்கா. இப்போ அந்த வால் மூடியைக் கழட்டினா கர்ச்சீப்பும் கையுமா ஓடுவா.

— ஓடட்டும் சேஷகிரி சார். நேத்து விமானத்தை ஏரித் தண்ணி மேல எறக்குனப்பவே அடியில கசிஞ்சிருக்கு. வாலைத் தட்டிப் பாருங்க, உள்ள தளும்புது. அது தண்ணியே இல்ல. ஊரு கக்கூஸெல்லாம் அந்த ஏரியிலதான் வந்து முடியுது.

— அதான் சொல்றேன், நாத்தம் தாங்காது. நீ மெக்கானிக், எனக்கு விக்கற வேலை. சும்மா பயமுறுத்தாதே. இது சுத்தி விழாத விமானம்னுதானே விக்கறோம்? இறக்கை நுனியில முன் விளிம்பை அதுக்குன்னே கீழ வளைச்சு வச்சிருக்கு. மூக்கைத் தூக்கிப் பிடிச்சு வேகத்தைக் கொறைச்சாலும் நேரா தலை குனியுமே தவிர, ஒரு பக்கமா சாயாது.

— வால் காலியா இருந்தாத்தான் சார் அதெல்லாம். பின்னாடி வெயிட் ஏறிப்போச்சுன்னா மூக்கு குனியாது, பம்பரமா சுத்திக்கினே கீழ வரும். இன்னைக்கு பைலட் லாயிட் சார் மேல போனதும் மூக்கைத் தூக்கி வேகத்தைக் கொறைச்சுத்தான் காட்டப் போறாரு. தண்ணி வடிச்சாச்சான்னு அவர் கேட்டதுக்கு ஆச்சுன்னு சொல்லியிருக்கீங்க.

— அஞ்சு நிமிஷம்மா. ஒரே ரவுண்டு.

— பக்கத்து சீட்டுல நீங்கதானே?

— சீனுவைப் போடச் சொல்லிட்டேன்.

— ஹேங்கர் பெருக்குற சீனுவையா?

— ரெண்டு பேரைத் தாங்கும்னு காட்டணுமோல்லியோ? கம்பெனி டீ-ஷர்ட் குடுத்திருக்கேன், சந்தோஷமா போட்டுண்டான்.

— அது உங்க சீட்டு சார்.

— எனக்கு வயிறு சரியில்லை.

— அப்ப வடிச்சுட்டு அனுப்புறேன். ரெண்டு பொண்ணுங்களை வச்சிருக்கான் அவன்.

— கேளும்மா. நீயும் ஏறலை, நானும் ஏறலை. அப்புறம் உனக்கென்ன?

— த்தூ. உங்களுக்குப் புரியலைன்னு நெனச்சு இவ்ளோ நேரம் சொல்லிக்கினு இருந்தேன் பாருங்க.

— புரியாமயா சீட்டை விட்டுக் குடுத்தேன்? வயிறு நன்னாத்தான் இருக்கு. காலைல ஒரு கிரகப்பிரவேசத்துல ஒப்பட்டு போளி மூணு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். மெதுவா பேசு, அந்தாண்ட யாருக்காவது கேக்கப் போறது.

— கேட்டுச்சு சார். வாலுக்கு இந்தாண்ட சீனுதான் நிக்கிறேன். ஷூவைக் கொஞ்சம் நகத்துங்க, மூடியைக் கழட்டிட்டேன்.