மேகமலைக் குரங்கு நிரபராதி

விருதுநகர் மாவட்டத்துக்காரன் எவனும் மலைக்குப் போன இடத்தில் பரோட்டா கேட்கக் கூடாது. எண்ணெயில் மொறுமொறுவென்று பொரித்துத் தின்று பழகிய நாக்கு, மேகமலை எஸ்டேட் கடையில் தட்டில் வைத்த அந்த ஈரத்துணியை எப்படி ஏற்றுக்கொள்ளும்? நடந்ததற்கெல்லாம் அந்தப் பரோட்டாவும் ஒரு காரணம் என்று சொன்னால் சிரிப்பீர்கள். சிரியுங்கள், பரவாயில்லை. ஆனால் எழுதுகிறவன் எதையும் விடாமல் எழுத வேண்டும் அல்லவா.

சிவகாசி நிழற்படக் குழுவின் தலைவரான சங்கரபாண்டியன் ஆகிய நான், விசாரணைக் கமிட்டியான உங்கள் இருவருக்கும் இதை எழுதித் தருகிறேன். பால்துரை, நீங்கள் ஓவிய வாத்தியார், நம் குழுவின் செயலாளர். அன்பரசன், நீ வெடி லேபிள் வரைகிறவன், என்னிடம் கேமரா பிடிக்கப் படித்தவன். நீங்கள் இரண்டு விஷயம் முடிவு செய்யப் போவதாகச் சொன்னீர்கள். நான் தலைவராக நீடிக்கலாமா என்பது ஒன்று. தங்கச்சாமி அண்ணாச்சி அடிக்கப் போகும் அடுத்த வருடக் காலண்டரில், அந்த மலைப் படத்துக்குக் கீழே யார் பெயர் வரவேண்டும் என்பது இன்னொன்று. முதல் விஷயத்தில் எனக்குப் பிடிவாதம் கிடையாது. இரண்டாவதற்காகத்தான் இவ்வளவு தாள் வாங்கினேன்.

ஆரம்பித்து வைத்தது அண்ணாச்சிதான். போன சித்திரையில் என்னை அச்சாபீசுக்குக் கூப்பிட்டு, "எத்தன வருசத்துக்குய்யா சுவிட்சர்லாந்து மலையையே காலண்டர்ல ஒட்டுறது? நம்ம மலையப் போயி எடுத்துட்டு வாங்க. நல்லதா ஒண்ண எடுத்து காலண்டர் மாதிரி ஆல்பத்துல போடுதேன். கீழ பேரும் போடுதேன்" என்றார். கறுப்பு வெள்ளையில்தான் எடுப்போம் என்றேன். அச்சடிக்கக் கறுப்பு மை ஒன்று போதுமே, செலவு மிச்சம் என்று அதற்கும் சம்மதித்தார். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். நான் படியிறங்கும்போது, "ஒங்க குழுவுல அந்த நர்சம்மாவுக்குக் கண்ணு நல்லா இருக்குய்யா. அத விட்டுறாம கூட்டிட்டுப் போ" என்றார்.

பியூலாவைச் சொன்னார். அரசு ஆஸ்பத்திரியில் நர்சாக இருக்கும் அந்தப் பெண் என்னிடம் சேர்ந்து ஒன்றரை வருடம் ஆகியிருக்கும். கண் நன்றாகத்தான் இருந்தது. கேமரா இருபத்தைந்து வருடமாக என் கையில் இருக்கிறது, என் கண்ணைப் பற்றி அண்ணாச்சி ஒரு வார்த்தை சொன்னதில்லை. அதை நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. தகவலுக்காகக் குறிப்பிடுகிறேன்.

ஆனி மாதம் ஒரு சனிக்கிழமை வேனில் ஏறினோம். சின்னமனூர் தாண்டி, மலை ஏறுவதற்கு முன் நான் வேனை நிறுத்தி வகுப்பு எடுத்தது உங்களுக்கு நினைவிருக்கும். ஆளுக்கொரு ரோலைக் கேமராவில் மாட்டச் சொன்னேன். பிலிமின் நுனி உள்ளே இருக்கும் உருளையில் நன்றாகச் சிக்க வேண்டும், ஒவ்வொரு தடவை நகர்த்தும்போதும் மேலே இருக்கும் குமிழ் சுற்றுகிறதா என்று பார்க்க வேண்டும் என்றேன். சுற்றவில்லை என்றால் பிலிம் நகரவில்லை, நீங்கள் வெறும் சத்தத்தைத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்றும் சொன்னேன். அழகான வாக்கியம் அது. அதைச் சொல்லிக்கொண்டே என் கேமராவிலும் ரோலை மாட்டி, பார்க்காமலே மூடினேன். அனுபவசாலிகள் பார்த்து மூடுவதில்லை.

அன்று முழுவதும் நான் எடுத்தேன். பனி தேயிலை மேல் இறங்குவதை எடுத்தேன். அணைத் தண்ணீரில் மலை தலைகீழாக நிற்பதை எடுத்தேன். காட்டு மாடு ஒன்று ரோட்டைக் கடக்கும்போது திரும்பி என்னை மட்டும் பார்த்தது, அதையும் எடுத்தேன். என் வாழ்நாளிலேயே சிறந்த படங்கள் அவை. மறுநாள் காலையில் பார்த்தால் கேமராவின் எண் முப்பத்தாறைத் தாண்டி நாற்பதுக்குப் போயிருந்தது. முப்பத்தாறு படத்துக்கு மேல் எந்த ரோலிலும் கிடையாது. குமிழைப் பார்த்தேன். அது சுற்றவில்லை. முந்தின நாள் முழுக்கச் சுற்றியிருக்காது.

அந்த நேரத்தில் என் மனம் எப்படி இருந்தது என்று கேட்டீர்கள். அமைதியாக இருந்தது. வெடி கம்பெனிகளுக்கு நடுவில் வளர்ந்தவன் நான், பதற்றப்படுகிறவன் கையில் மருந்து தங்காது என்று எனக்குத் தெரியும். உட்கார்ந்து நிதானமாக யோசித்தேன். குருவிடம் ஒரு படம்கூட இல்லை. சிஷ்யர்களிடம் ரோல் ரோலாக இருக்கிறது. இது ஒரு குழுவுக்கு நல்லதா? நாளைக்கு உங்களுக்குத் தலைக்கனம் வரும், கற்றுக்கொடுத்தவனை மதிக்க மாட்டீர்கள், கலை உங்களை விட்டுப் போய்விடும். உங்களை அந்தக் கதிக்கு விட எனக்கு மனம் வரவில்லை. எல்லோருக்கும் ஒன்றும் இல்லை என்றால் அங்கே பொறாமைக்கு இடமே இல்லை. இதில் தப்பு எங்கே என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

எடுத்து முடித்த ரோல்களையெல்லாம் தலைவரிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது நம் குழுவின் விதி. வேன் சூட்டில் கெட்டுப்போகாமல் இருக்க நான் போட்ட விதி அது. எல்லாம் என் பிஸ்கட் டப்பாவில் இருந்தன. ரோலைச் சுற்றி முடிக்கும்போது பிலிமின் வால் கொஞ்சம் வெளியே இருக்கட்டும், கழுவுகிறவனுக்கு வசதி என்பதும் நான் சொல்லிக்கொடுத்ததுதான். எல்லோரும் சொன்னபடி வால் விட்டிருந்தீர்கள். எனக்குப் பெருமையாக இருந்தது.

நீங்கள் அணையில் குளிக்கப் போனீர்கள். டப்பாவுக்குக் காவலாக நான் விடுதிக்குப் பின்னால் வெயிலில் உட்கார்ந்தேன். மதில்மேல் ஒரு குரங்கு இருந்தது. ஒவ்வொரு ரோலாக எடுத்து, வாலைப் பிடித்து, வெளிச்சத்தில் இழுத்தேன். முதலில் கைக்கு வந்தது பியூலாவுடையது. அதாவது மேலே கிடந்த உங்கள் ரோல்களைத் தள்ளிவிட்டு எடுத்தால் முதலில் வந்தது. பிலிம் வெளியே வர வர மடியில் சுருண்டு சுருண்டு பாம்பு மாத்திரைபோலக் குவிந்தது. அழுத்தி இழுக்கவில்லை, கிழிக்கவில்லை. கழுவாத பிலிமை அழிக்கும் தன் வேலையை வெயில் செய்தது, நான் கதவைத்தான் திறந்துவிட்டேன்.

அப்புறம் பசித்தது. பரோட்டாவைத்தான் பாதியில் வைத்துவிட்டு எழுந்திருந்தேனே. சட்டைப் பையில் ஒரு வாழைப்பழம் வைத்திருந்தேன், அதை உரித்துத் தின்றேன். கையில் தோல் மிஞ்சியது. எதிரே குரங்கு இருந்தது. யோசனை அப்போதுதான் வந்தது, முன்கூட்டியே போட்ட திட்டம் எதுவும் கிடையாது என்பதைக் கமிட்டி கவனிக்க வேண்டும். நல்ல பரோட்டாவாக இருந்திருந்தால் அந்தக் குரங்கின் பெயர் கெட்டிருக்காது. தோலைக் காலி டப்பாவில் போட்டேன், பிலிமை முற்றத்தில் பரப்பினேன், அதன் பிறகு சத்தம் போட்டு உங்களைக் கூப்பிட்டேன்.

நீங்கள் ஓடி வந்து நின்ற நிலை எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. பால்துரை, நீங்கள் தலையில் துண்டோடு, "கர்த்தாவே, அம்புட்டும் போச்சா?" என்று அப்படியே உட்கார்ந்தீர்கள். அன்பரசன், நீ குரங்கைப் பார்த்து ஏசிய ஏச்சை நான் இங்கே எழுத முடியாது. அது மதில்மேல் உட்கார்ந்து எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டது. பியூலா மட்டும் யாரையும் ஏசவில்லை. வந்து என் பக்கத்தில் குந்தி, சுருளைச் சேர்த்துக்கொண்டே, "நீங்க வருத்தப்படாதீக சார். ஒங்களோடதும் போயிருச்சே" என்றது. ஆமாம், என்னுடையதும்தான் போயிற்று என்றேன். அதில் பொய் எதுவும் இல்லை.

ஊருக்கு வந்தும், அன்பரசன், உனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. உடம்பெல்லாம் பிலிம் சுற்றிய ஒரு குரங்கை வரைந்து, அதைப் புது அணுகுண்டு பாக்கெட்டுக்கு லேபிளாகப் போட வைத்தாய். ஊரில் பிள்ளைகள் எல்லாம் அதை வெடித்துத் தூள் தூளாக்க வேண்டுமாம். இந்தச் சீசனுக்கு ஆர்டர் குவிகிறது என்று கேள்விப்பட்டேன். ஆக, என் செயலால் ஒரு கம்பெனி பிழைத்திருக்கிறது.

பத்து நாள் கழித்துப் பியூலா என் ஸ்டுடியோவுக்கு ஒரு ரோலைக் கொண்டுவந்தது. "இது மட்டும் கேமராவுக்குள்ள கெடந்துச்சு சார். பாதிதான் எடுத்திருந்தேன், அதான் டப்பாவுல போடல. மிச்சத்த ஆஸ்பத்திரில எடுத்து முடிச்சேன். கழுவிக் குடுக்கீகளா?" என்றது. கழுவினேன். தொழில் தர்மம் என்று ஒன்று இருக்கிறது.

இருட்டறையில் ஒரு நெகட்டிவைப் பெரிதாக்கிக் காகிதத்தை மருந்தில் போட்டேன். மெல்ல மெல்ல ஒரு முகம் எழுந்து வந்தது. என் முகம். அன்று குளிக்கப் போகாமல் மேட்டுப் பாதையில் நடந்த அந்தப் பெண், மேலே நின்று என்னை எடுத்திருந்தது. பின்னால் பனி, அதைத் துளைத்து வரும் வெயில் கன்னத்தில் ஒரு கோடு. நான் சிரித்துக்கொண்டிருந்தேன். என் கல்யாணப் படத்தில்கூட நான் அப்படிச் சிரித்ததில்லை. ஊரிலுள்ள அத்தனை பேரையும் சிரிக்கச் சொல்லிப் படம் எடுத்த என்னை, என் வயதுக்கு யாரும் அப்படி எடுத்துத் தந்ததில்லை. சிவப்பு விளக்கடியில் நின்று அழுதேன் என்று எழுதுவதில் எனக்கு வெட்கமில்லை.

அந்த நெகட்டிவை நான் எரித்திருக்கலாம் அல்லவா என்று நீங்கள் இருவரும் கேட்டீர்கள். நான் படத்தை ஒரு படக்காரனாகப் பார்த்தேன். வெளிச்சத்தைப் பார்த்தேன், கறுப்பின் ஆழத்தைப் பார்த்தேன், மலைக்கோடு நேராக இருக்கிறதா என்று பார்த்தேன். படத்தில் இருக்கிற ஆள் கையில் என்ன செய்துகொண்டிருக்கிறான் என்று இந்தத் தொழிலில் யாரும் பார்ப்பதில்லை. பியூலாவிடம், ஆஸ்பத்திரிப் படங்கள் நன்றாக வந்திருக்கின்றன, மலையில் எடுத்தது எல்லாம் புகை மூட்டம் என்றேன். பெரிய பிரிண்ட் ஒன்று போட்டு, என் பெயரை எழுதி அண்ணாச்சியிடம் கொடுத்தேன். "எப்படிய்யா ஒன்னய நீயே எடுத்த?" என்றார். கேமராவைக் கல்மேல் வைத்து, தானாக எடுக்கும்படி முடுக்கிவிட்டு ஓடிப்போய் உட்கார்ந்தேன் என்றேன்.

ஆடிப்பெருக்கன்று, ஆர்டர் பிடிக்கிறவர்களுக்குக் காட்டும் காலண்டர் ஆல்பத்தை வெளியிட்டார்கள். கேசரியும் காராச்சேவும் கொடுத்தார்கள். எல்லோரும் என் படத்தைப் பார்த்துக் கை கொடுத்தீர்கள். அன்பரசன், நீ மட்டும் அச்சுப் புள்ளி சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்க்கும் உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்துப் படத்தின் மேல் வைத்தாய். தொழில் பழக்கம், உன்னைக் குறை சொல்ல மாட்டேன். வெகுநேரம் குனிந்தே இருந்தாய். பிறகு பால்துரையைப் பார்த்து, "வாத்தியாரே, இங்கன வாங்க" என்றாய்.

என் வலது கை பியூலாவின் ரோலிலிருந்து பிலிமை இழுத்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் டப்பா நிறையத் திறக்காத ரோல்கள். என் சட்டைப் பையில் உரிக்காத வாழைப்பழம். மதில்மேல் குரங்கு கையைக் கட்டிக்கொண்டு, ஒரு பள்ளிக்கூட இன்ஸ்பெக்டரைப்போல என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. பால்துரை, நீங்கள் அந்த உருப்பெருக்கியைக் கொஞ்சம் மேலே நகர்த்தினீர்கள். "பாண்டியண்ணே, கேமராவக் கல்லு மேல வச்சு எடுத்ததாச் சொன்னீகளே. அது ஒங்க களுத்துலயில்ல தொங்குது?" என்றீர்கள்.

பியூலா அப்போதும் என்னை விட்டுக்கொடுக்கவில்லை. "குரங்கு பிச்சுப் போட்டத சார் ஒத்தையில பொறுக்கிக்கிட்டு இருந்தாகன்னுதான் நெனச்சேன். பாவமா இருந்துச்சு, அதான் எடுத்தேன்" என்றது. சொல்லிவிட்டுத் திரும்பவும் ஒரு தடவை படத்தைப் பார்த்தது. என்னைப் பார்க்கவில்லை. கேசரித் தட்டை அப்படியே மேசையில் வைத்துவிட்டு வெளியே போனது. அது மட்டும் எனக்குக் கொஞ்சம் சங்கடமாக இருக்கிறது.

ஆகவே ஒப்புக்கொள்கிறேன். ரோல்களை இழுத்தது நான். தோலைப் போட்டது நான். பழத்தைத் தின்றதும் நானே. தலைவர் பதவியை எடுத்துக்கொள்ளுங்கள், பிஸ்கட் டப்பாவையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் படத்துக்குக் கீழே வரும் பெயரைப் பற்றி நிதானமாக யோசியுங்கள். நான் அந்த ரோல்களைத் திறக்காமல் இருந்திருந்தால் அந்த மடி ஏது, அந்தச் சிரிப்பு ஏது, அந்தப் படம்தான் ஏது? அந்தப் பெண் செய்ததெல்லாம் ஒரு பொத்தானை அழுத்தியது. எனக்குப் பொறாமை என்று, அன்பரசன், நீ சொல்லித் திரிகிறாயாம். பொறாமைப்பட அங்கே என்ன இருக்கிறது?

நீதி என்று பார்த்தால், அந்தக் குரங்குக்கு நாம் பெரிய அநியாயம் செய்திருக்கிறோம். வேண்டுமானால் என் பெயருக்குப் பக்கத்தில் அதன் பெயரையும் போட்டுக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. பியூலாவின் பெயர் மட்டும் வேண்டாம்.