பக்கத்து வீட்டுப் புல்லு ஏன் பச்சை?

புல்லுக்கு, அக்கா! வெறும் புல்லுக்கு! மாடு கட்டியிருந்தாலும் பரவாயில்லை. தின்ன ஒரு ஆடும் இல்லாத வளவிலை, நான் புல்லுக்குத் தண்ணி விட்டனெண்டு நகரசபைக் கந்தோர், அந்த ஆம்டிலை இருந்து தண்டக் கடிதம்! எங்கடை புல்லை யன்னலாலை எட்டிப் பாருங்கோ சிவமலர் அக்கா... செத்துக் கிடக்கு. காவோலை மாதிரி.

இருங்கோ, இருங்கோ, முதல் தேத்தண்ணியைக் குடியுங்கோ. வத்சலா! அக்காவுக்குச் சீனி காணுமோ எண்டு கேளப்பா! பதில் எழுதலாம், எழுதலாம். கோட்டிலை எத்தினை பேருக்கு மொழிபெயர்த்த ஆள் நீங்கள்... பேனையை எடுக்க முதல் என்ரை நியாயத்தைக் கேளுங்கோ.

வியாழக்கிழமை எனக்கு டெர்மின், கந்தோருக்கு வரச்சொன்ன நாள். ஜேர்மன் பாஸ்போட்டுக்கு! எண்பதிலை வந்தனான், பதினைஞ்சு வருசம். ஒருநாள் டிக்கெட் இல்லாமல் பஸ் ஏறினதில்லை. றோட்டிலை ஒரு பூனையும் இல்லாட்டிலும் சிவப்பு லைட்டுக்கு மரம் மாதிரி நிப்பன். பின்னாலை வாற ஜேர்மன்காரனே என்னைத் தாண்டிப் போவான், நான் போகன். இப்ப வியாழக்கிழமை அந்தக் கந்தோர் மனிசி பைலைத் திறந்து, 'ஹெர் யோகலிங்கம், நீர் தண்ணிச் சட்டத்தை மீறினனீர்' எண்டால்? சரி. பதினைஞ்சு வருசமும் புல்லோடை போச்சு.

சட்டம் எனக்குத் தெரியாதே? மழை இல்லை, புல்லுக்குத் தண்ணி விடாதை, கார் கழுவாதை... நோட்டீஸ் வந்த அண்டே பிறிட்ஜிலை ஒட்டினனான். தெருவிலை எல்லாருக்கும் செத்த வீடு. முன் வீட்டு மனிசி, புருசன் போனதுக்கும் உவ்வளவு அழேல்லை அக்கா, புல்லு மஞ்சளாப் போச்சுதெண்டு ஒப்பாரி! எனக்கு வலு சந்தோசம். சொந்த வீடு வாங்கின நாள் தொட்டு சனிக்கிழமை சனிக்கிழமை புல்லு வெட்டுறன். இந்த வருசந்தான் மெசினுக்கு லீவு.

ஆனால் உந்த லூட்கே இருக்கிறாரே, பக்கத்து வீட்டு றிட்டயர் ஆன மனிசன்... நான் போத்திலைக் குப்பையிலை போட்டாலே, சத்தம் போடக்கூடாத நேரமோ எண்டு மணிக்கூட்டைப் பாக்கிற ஆள். அவற்றை பின்வளவு மட்டும் பச்சைப் பசேல்! எங்கடை வேலிக்கு அங்காலை, அந்தப் பள்ளத்திலை. காலமை எட்டிப் பாத்தன், குழாயைக் காணேல்லை. வேலையாலை வந்து பாத்தன், குழாயைக் காணேல்லை. மனிசன் கதிரையைப் போட்டுக்கொண்டு புல்லைப் பாத்துப் பாத்துச் சிரிக்குது! ஒரு மனிசன் எவ்வளவைத்தான் பொறுக்கிறது?

என்ன அக்கா? ஓம், ஆரோ அறிவிச்சுத்தான் ஆம்ட்காரர் வந்தவை. ஆரோ எரிச்சல் பிடிச்ச சனம். நல்லா இருக்கமாட்டினம்... என்ன? மேலை எழுதிக் கிடக்கோ? 'உங்களுடைய மூன்றாந் திகதிக் கடிதம் தொடர்பாக...' அக்கா, அக்கா, சத்தமா வாசியாதேங்கோ, வத்சலா குசினிக்கை நிக்கிறா, என்ரை மனிசிக்கு இது தெரியாது!

சரி. நான்தான் எழுதினனான். லூட்கே களவாத் தண்ணி விடுறார் எண்டு. பேர், விலாசம், கையெழுத்து எல்லாம் போட்டு. மொட்டைக் கடிதம் எழுதுறது எங்கடை பரம்பரையிலை இல்லை. பொறுப்பான மனிசன் எண்டு பைலிலை ஒரு நல்ல வார்த்தை சேருமெண்டு நினைச்சன்... பிழையே?

ரெண்டு பேர் வந்தாங்கள். லூட்கேன்ரை புல்லை மிதிச்சாங்கள், சதக் எண்டுது. ஒருத்தன் குனிஞ்சு மோந்து பாத்தான். மல்லிகைச் சவர்க்காரம் மணக்குதாம்! ஈரம் வந்த வழியைப் பிடிச்சு, வேலிக்குக் கீழாலை பாத்து, சுத்தி இஞ்சாலை வந்து... எங்கடை குளியலறை யன்னலுக்குக் கீழை நிண்டாங்கள்.

அது... ஓம் அக்கா. குளிக்கிற தண்ணி. கிணத்தடித் தண்ணி வாழைக்குத்தானே போறது? ஊரிலை ஆர் அதைச் சும்மா ஓட விட்டவை? தண்ணிப் பஞ்சமெண்டு ஆம்டே சொல்லுது, நான் மிச்சம் பிடிச்சன்! பைப்பை வெட்டி, சுவரிலை ஓட்டை போட்டு, வாய்க்கால் கட்டி, நட்ட வாழைக்கு விட்டன். ஒரு வாழை. வீட்டிலை நாங்கள் அஞ்சு பேர், அஞ்சு பேரும் முழுகிற ஆக்கள். ஒரு வாழை எவ்வளவைக் குடிக்கும்? அது அழுகிச் செத்துப் போச்சு. மிச்சமெல்லாம் பள்ளத்துக்கு இறங்கி... லூட்கேன்ரை புல்லு கொழுத்துது. தண்ணிக்கும் வெள்ளைக்காரனைத்தான் பிடிச்சிருக்கு!

சிரியாதேங்கோ அக்கா. எழுதுங்கோ. மன்னிப்புக் கேட்டு எழுதுங்கோ. பைப்பைத் திருப்பிப் பூட்டுறன், ஓட்டையை அடைக்கிறன், லூட்கேயிட்டையும் போய்ச் சொல்லுறன் எண்டு எழுதுங்கோ. ஒரு பொய்யும் வேண்டாம், வியாழக்கிழமை கிடக்கு.

எழுதிப்போட்டியளோ? கையெழுத்துக்கு முதல் இன்னும் ஒரு வரி... கொஞ்சம் பெரிய எழுத்திலை. குற்றவாளியைப் பிடிச்சுக் குடுத்ததும் இதே யோகலிங்கம்தான் எண்டு.